வாண்டில் கரையிலிருந்து அடிஸ்கம் வரை

லண்டனின் மையத்திலிருந்து ஏறத்தாழப் பத்து மைல் தெற்கே உள்ள குரோய்டன் நகரத்தின் பெயரைக் கேட்டறியாத தமிழர் இங்கிலாந்தில் இருத்தல் அரிது. ஆயினும் அதனை ஒரு சரித்திர ஸ்தலமாக எண்ணி அங்கே செல்பவர் அதனினும் அரியர். வெல்லஸ்லி சாலையில் இருபது மாடிகளோடு ஓங்கி நிற்கும் லூனார் ஹவுஸ் என்னும் கட்டடத்தில் குடிவரவு இலாகா அமைந்திருப்பதால், 1983-ஆம் ஆண்டுக்குப் பின் இலங்கையினின்றும் உயிர் தப்பி வந்து அடைக்கலம் கோரியவர்கள் முதல், கல்வியின் பொருட்டோ உத்தியோகத்தின் பொருட்டோ வந்து இந்நாட்டில் தங்க அநுமதி கேட்டு நின்றவர்கள் வரை, எத்தனையோ குடும்பங்களுக்கு அந்நகரம் விண்ணப்பங்களின் ஞாபகமாகவும் காத்திருப்பின் ஞாபகமாகவுமே நிலைத்துவிட்டது. பின்னர் அங்கேயே வீடு வாங்கிக் குடியேறியவர்களுக்கு லண்டன் சாலையின் மளிகைக் கடைகளும் தார்ன்டன் ஹீத்தின் முருகன் கோயிலும் பழக்கமாயின. ஆனால் டிராம் வண்டியின் ஜன்னல் வழியே தோன்றி மறையும் பழைய கோபுரத்தின் அடியில் இறங்கி, இதைக் கட்டியவர் யார், இங்கே வாழ்ந்தவர் யார் என்று விசாரிக்க அவர்களுக்கு ஓய்வு வாய்க்கவில்லை. அவர்கள் பொருட்டும், ஊரிலிருந்து மக்களைப் பார்க்க வந்து பகற்பொழுதைக் கழிக்க வகையறியாது வீட்டுக்குள் அமர்ந்திருக்கும் பெற்றோர் பொருட்டும், இந்நகரத்தின் பழம்பகுதியை ஒரே பகலில் நடந்து காண்பதற்குரிய வழியொன்றை அதன் சரித்திரத்தோடு சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

குரோய்டனைக் காணும் வழிகள் பல. பேராயர்களின் வழியாகக் காணலாம். ரயில்களின் வழியாகக் காணலாம். 1960-களில் எழுந்த அலுவலகக் கோபுரங்களின் வழியாகவும் காணலாம். நான் தேர்ந்துகொண்டது தண்ணீரின் வழி. ஆற்றையும் ஏரியையும் வைத்தே ஊரின் பெருமையை அளந்து பழகிய நமக்கு அது இயல்பாக வருவது என்பது ஒரு காரணம். இந்த ஊரின் தண்ணீர்க் கதை காவிரியிலும் வைகையிலும் போய்ச் சேருகிறது என்பது மற்றொரு காரணம். அந்த இரண்டாவது காரணத்தை நடையின் முடிவில்தான் சொல்ல முடியும். மொத்தத் தூரம் ஆறு கிலோமீட்டருக்கு மிகாது. வயோதிகரும் இடையிடையே அமர்ந்து நடக்கத் தக்கது. பகல் நீண்டிருக்கும் மே மாதத்துக்கும் செப்டம்பர் மாதத்துக்கும் இடையில், சந்தை கூடும் நாளொன்றில், காலை ஒன்பது மணிக்கு வாண்டில் பார்க் என்னும் டிராம் நிறுத்தத்தில் இறங்கிவிட வேண்டும்.

அங்கே பூங்காவின் நடுவே ஓடும் சிற்றோடையைப் பார்த்துவிட்டு, இதுவா நதி என்று எவரும் அலட்சியம் செய்யலாகாது. சுண்ணாம்புப் பாறைக் குன்றுகள் மழைநீரை உறிஞ்சி வைத்திருந்து அடிவாரத்தில் ஊற்றுகளாகக் கக்குகின்றன. அவ்வூற்றுகள் கூடி ஓடி, வாண்ட்ஸ்வொர்த் என்னுமிடத்தில் தேம்ஸோடு கலப்பதே வாண்டில் நதி. நீளத்தில் குறுகியதாயினும் சரிவில் மிகுந்ததாதலால், இதன் கரையெங்கும் தண்ணீர்ச் சக்கரங்கள் சுழன்றன. மாவரைக்கும் ஆலைகளும், மூக்குப்பொடி ஆலைகளும், செப்புத் தகடு அடிக்கும் ஆலைகளும் இதன் வேகத்தை நம்பியே பிழைத்தன. இவற்றுக்கெல்லாம் மேலாக, பருத்தித் துணியை வெளுத்து அதன்மேல் சாயப் பூக்கள் அச்சிடும் தொழில் இக்கரையில் 18-ஆம் நூற்றாண்டில் பெருகி வளர்ந்தது. அத்தொழில் இங்கே பிறந்ததன் மூலம் நம் கடற்கரையில் இருக்கிறது. சோழமண்டலக் கரையில் கையால் எழுதிச் சாயமேற்றிய பூந்துணிகள் ஐரோப்பியச் சீமாட்டிகளின் மோகத்துக்குரியனவாகி, இங்கிலாந்தின் கம்பளி நெசவாளருக்கும் பட்டு நெசவாளருக்கும் பிழைப்புக் கெடும் நிலை வந்தபோது, 1700-இல் அத்துணிகளின் இறக்குமதியையும், 1721-இல் அவற்றை உடுத்துவதையுமே பாராளுமன்றம் பெரும்பாலும் தடுத்துச் சட்டம் இயற்றியது. சட்டம் தடுத்தது, ஆசையைத் தடுக்க இயலவில்லை. ஆகவே, நம்மவரின் கைவேலையைப் பார்த்துப் பழகி, அதே பூக்களை மரக்கட்டையிலும் செப்புத் தகட்டிலும் வெட்டி அச்சிடும் பட்டறைகள் லண்டனைச் சுற்றி எழுந்தன. துணியை அலசி விரித்து வெயிலில் வெளுப்பதற்குத் தெளிந்த தண்ணீரும் அகன்ற புல்வெளியும் வேண்டியிருந்தமையால், அவற்றுள் பல வாண்டில் கரையைத் தேடி வந்தன.

இத்தனை உழைத்த நதி, ஊர் பெருகப் பெருகச் சாக்கடையாகி, குரோய்டனின் பழம்பகுதியில் 19-ஆம் நூற்றாண்டிலேயே மூடப்பட்டு மண்ணுக்குள் மறைந்தது. 1890-இல் திறக்கப்பட்ட இப்பூங்காவில் சில காலம் வெளியே ஓடிய நீரும் பின்னர்க் குழாய்க்குள் அடைபட்டது. 2012-ஆம் ஆண்டில் அந்தக் குழாயை உடைத்து நதியை மறுபடி வெயிலுக்குக் கொண்டுவந்தார்கள். நாம் இன்று காணும் ஓடை அவ்வாறு மீட்கப்பட்டதே. நம் நகரங்களில் குளங்களைத் தூர்த்துப் பேருந்து நிலையங்கள் கட்டிய தலைமுறையைக் கண்டவர்கள் இந்த ஓடையின் அருகே சற்று அதிக நேரம் நிற்க வேண்டும் என்பது என் விருப்பம்.

இந்தப் பிரதேசத்துத் தண்ணீருக்கு வேறொரு குணமும் உண்டு. மழை மிகுந்த சில ஆண்டுகளில் மட்டும், தெற்கே உள்ள கேட்டரம் பள்ளத்தாக்கில் போர்ன் என்னும் ஓடை திடீரென்று புறப்படும். மற்ற ஆண்டுகளில் அது இருந்த சுவடே தெரியாது. அது பெருகினால் நாட்டுக்குப் பஞ்சமோ கொள்ளைநோயோ யுத்தமோ வரும் என்று பழங்குடிகள் நம்பினார்கள். துயர நீர் என்றே அதற்குப் பெயரிட்டிருந்தார்கள். குன்றுக்குள் நிரம்பிய நீர்மட்டம் உயரும்போது வழியும் மிகுதியே அது என்பதை இன்று பள்ளிச் சிறுவனும் அறிவான். எனினும், தாழ்ந்த ஊரில் ஊற்றும் சாக்கடையும் ஒன்றாகக் கலந்த காலத்தில், தண்ணீர் பெருகிய ஆண்டுக்குப் பின் நோய் பெருகியதை அம்மக்கள் கண்ணாரக் கண்டிருக்கலாகாதா?

பூங்காவை விட்டுக் கிழக்கே பத்து நிமிஷம் நடந்தால், ரீவ்ஸ் மூலைக்கு அருகில் குரோய்டன் மின்ஸ்டரின் கோபுரம் எதிர்ப்படும். 2011 ஆகஸ்டு மாதக் கலவரத்தில், 1867 முதல் நடந்துவந்த ரீவ்ஸ் மரச்சாமான் கடையின் ஒரு கட்டடம் முற்றிலும் எரிந்து போனது இம்மூலையில்தான். அந்தத் தீயின் படத்தை உலகமெங்கும் கண்டார்கள். மின்ஸ்டரோ அதற்கும் முன்னரே தன் தீயைக் கண்டது. திருமுழுக்கு யோவான் பெயரால் அமைந்த இத்தேவாலயம் 10-ஆம் நூற்றாண்டு முதலே இருந்து வருவதாயினும், 1867 ஜனவரி 5-ஆம் தேதி குளிர்கால இரவில் நேர்ந்த தீயில் கோபுரமும் தெற்கு முகமண்டபமும் வெளிச்சுவர்களும் நீங்கலாக மற்றவை அழிந்தன. கில்பர்ட் ஸ்காட் என்னும் பிரபல கட்டடக் கலைஞர் பழைய உருவத்தைப் பெரும்பாலும் பின்பற்றி அதனை எழுப்ப, 1870-இல் மறுபடி திறந்தார்கள். உள்ளே காண்டர்பரி பேராயர் அறுவர் அடக்கமாகியிருக்கிறார்கள்: கிரிண்டல், விட்கிஃப்ட், ஷெல்டன், வேக், பாட்டர், ஹெர்ரிங். இவர்களுள் விட்கிஃப்டின் சமாதி தீயில் சிதைந்து பின்னர்ச் சீர்ப்படுத்தப்பட்டது. வண்ணம் பூசிய உருவம் மல்லாந்து, கூப்பிய கரங்களோடு கிடக்கிறது. ஷெல்டனின் பளிங்குச் சமாதியின் அடிப்புறத்தில் கபாலங்களும் எலும்புகளும் செதுக்கப்பட்டிருப்பதைக் குனிந்து பார்க்க வேண்டும். லண்டனைப் பெரும் பிளேக் சூறையாடிய 1665-இல் அப்பதவியில் இருந்தவர் அவர். மரணத்தை அத்தனை அருகில் கண்ட தலைமுறைக்கு அச்சிற்பம் அலங்காரமாக மட்டும் தோன்றியிராது.

தேவாலயத்தின் பக்கத்திலேயே பழைய அரண்மனை. 1086-ஆம் ஆண்டின் நிலக் கணக்கிலேயே குரோய்டன் காண்டர்பரி பேராயரின் உடைமை என்றும், அங்கே ஒரு தேவாலயமும் ஒரு தண்ணீர் ஆலையும் இருந்தன என்றும் பதிவாகியிருக்கிறது. அது முதல் எழுநூறு ஆண்டுகள், லண்டனுக்கும் காண்டர்பரிக்கும் இடையே சஞ்சரித்த பேராயர்கள் கோடைக்காலத்தில் தங்கும் இல்லமாக இதனைக் கையாண்டார்கள். முடிமன்னரும் இராணிகளும் பரிவாரத்தோடு வந்து விருந்தினராகத் தங்கினார்கள். 15-ஆம் நூற்றாண்டுப் பெருமண்டபமும், அதன் மரக்கூரையும், காவலர் மண்டபமும், சிற்றாலயமும் இன்றும் நிற்கின்றன. ஆனால் பள்ளத்தில், ஊற்றுகளின் நடுவே கட்டிய மாளிகையாதலால் ஈரம் அதனை விடவில்லை. அங்கே தங்கினால் உடம்புக்கு ஆகவில்லை என்பது எட்டாம் ஹென்றியின் மனத்தாங்கல். முடிவில் 1780-இல் பாராளுமன்றத்தின் அநுமதி பெற்று அதனை விற்றுவிட்டார்கள். வாங்கியவர்கள் செய்தது என்ன? பேராயர்களும் அரசர்களும் உணவுண்ட மண்டபங்களில் துணி வெளுக்கும் தொழிற்சாலையையும் சாய அச்சுப் பட்டறையையும் அமைத்தார்கள். நாகப்பட்டினத்துக்கும் மசூலிப்பட்டினத்துக்கும் போட்டியாக எழுந்த தொழில் ஆங்கிலத் திருச்சபைப் பேராயரின் பழைய மாளிகைக்குள்ளேயே குடிபுகுந்தது என்பதை அந்த மரக்கூரையின் கீழ் நின்று நினைத்துப் பார்க்கும்போது, வாணிப சரித்திரத்தை ஏடுகளில் மட்டும் படிப்பது போதாது என்று எனக்குத் தோன்றும். பின்னர் 1887-இல் நியூகாஸில் பிரபு அதனை விலைக்கு வாங்கிக் கன்னிமார் சபை ஒன்றுக்குத் தானமாக அளித்தார். நெடுங்காலம் அங்கே பெண்கள் பள்ளி நடந்தது. நினைத்த நாளில் உள்ளே நுழைய இயலாது. ஏற்பாடு செய்த பார்வை நாட்களை முன்னதாக விசாரித்து, அதற்கேற்ப இந்த நடையின் தேதியைக் குறித்துக்கொள்வதே விவேகம்.

சர்ச் தெருவின் வழியாக மேடேறி, சரே தெருவுக்குள் திரும்பினால் சந்தை. 1276-ஆம் ஆண்டில் பேராயர் கில்வார்ட்பி பெற்ற சாசனத்திலிருந்து தன் வயதை எண்ணும் சந்தை இது. சுற்றிலும் இருந்த காடுகளில் மரத்தைச் சுட்டுக் கரியாக்கி லண்டனின் அடுப்புகளுக்கு அனுப்பிய கரிக்காரர்களால் குரோய்டன் ஒருகாலத்தில் பிரசித்தி பெற்றிருந்தது. 17-ஆம் நூற்றாண்டில் அச்சேறிய நாடகமொன்று குரோய்டன் கரிக்காரனையே தலைப்பில் ஏற்றியிருக்கிறது. சந்தைக்கென்று விட்ட முக்கோண வெளியில் தற்காலிகமாகப் போட்ட தட்டிகள் காலக்கிரமத்தில் வீடுகளாகி, வீடுகள் சந்துகளாகி, காற்றும் வெளிச்சமும் புகாத குடிசைப் பகுதியாகிவிட, 1890-ஆம் ஆண்டின் நகரச் சீர்திருத்தச் சட்டத்தைக் கொண்டு அவற்றை இடித்து நெடுந்தெருவை அகலமாக்கினார்கள். இன்று எஞ்சியிருக்கும் சந்தை ஒற்றைத் தெருவே. இரும்புக் கிண்ணங்களில் தக்காளியையும் வெங்காயத்தையும் மிளகாயையும் குவித்து, கிண்ணத்துக்கு இவ்வளவு என்று விலை கூவி, வாங்குபவரின் பையில் அப்படியே கவிழ்ப்பது இத்தெருவின் வழக்கம். எடை போடுவதோ பேரம் பேசுவதோ இல்லை. அடியிலுள்ள பழம் எப்படி இருக்கிறதென்று கிண்ணத்துக்குள் விரலால் துழாவிப் பார்க்கும் நம் ஊர்த் தாய்மார்களைக் கடைக்காரர்கள் நன்கு அறிவார்கள். சிலர் தாங்களே மேற்பழத்தை நீக்கிக் காட்டிவிடுவதும் உண்டு.

இச்சந்தைத் தெருவின் ஒரு புறத்தில், கோட்டை போன்ற கொத்தளங்களோடு நிற்கும் செங்கல் கட்டடத்தைக் கவனியாது கடந்து செல்பவரே மிகுதி. இந்த நடையில் நான் மிக உயர்வாக மதிக்கும் கட்டடங்களுள் அது ஒன்று. அது பழைய நீரேற்று நிலையம். 1848-இல் பொதுச் சுகாதாரச் சட்டம் நிறைவேறியதும், அதன்படி முதன்முதலாகச் சுகாதார சபை அமைத்துக்கொண்ட ஊர்களுள் குரோய்டனும் சேர்ந்தது. நிலத்தடி நீரை நீராவி என்ஜினால் இறைத்து வீடுதோறும் குழாயில் அனுப்புவது, வீட்டுக் கழிவைக் குழாயிலேயே ஊருக்கு வெளியே கொண்டுபோவது என்னும் இரண்டு காரியங்களையும் ஒருங்கே மேற்கொண்டு, 1851-இல் இந்நிலையத்தைத் திறந்தார்கள். அதன் ஒரு பகுதிக்கு வினோதமான பூர்வகதை உண்டு. ரயில் தண்டவாளங்களின் நடுவே ஓர் இரும்புக் குழாயைப் பதித்து, என்ஜினால் அதனுள் இருக்கும் காற்றை உறிஞ்சி, அந்த வெற்றிடத்தின் இழுப்பினால் வண்டியை ஓட்டும் காற்றழுத்த ரயில் ஒன்று 1846-இலும் 1847-இலும் குரோய்டனில் ஓடியது. குழாயின் பிளவை மூடும் தோல்பட்டை சரியாக அடையாமல் காற்று கசிந்தமையால் அம்முயற்சி கைவிடப்பட்டது. அந்த ரயிலுக்கென்று கட்டிய என்ஜின் வீட்டைப் பிரித்துக் கொண்டுவந்து இங்கே மறுபடி கட்டினார்கள். காற்றை இழுக்க எழுந்த சுவர் தண்ணீரை இழுக்கப் பயன்பட்டது.

இச்சபையின் வேலை எடுத்த எடுப்பிலேயே வெற்றி பெற்றதென்று சொல்வது சரித்திரமாகாது. குழாய் வந்த மறு ஆண்டே டைஃபாய்டு ஜுரம் ஊரில் பரவியது. புதுக் குழாய்களையே பலர் பழித்தார்கள். கழிவுநீரை ஆற்றில் விட்டதனால் வழக்குகள் எழ, 1860 முதல் அதனைப் பெடிங்டன் வயல்களில் பாய்ச்சிப் பயிர்செய்யும் முறையைக் கையாண்டார்கள். ஏறத்தாழத் தொண்ணூறாண்டு அநுபவம் சேர்ந்த பின்னும், 1937-இன் இறுதியில், அடிங்டன் கிணறு ஒன்றில் பழுது பார்க்கும் வேலை நடந்தபோது, அங்கே இறங்கி வேலைசெய்த ஒருவர் தாம் அறியாமலே நோய்க்கிருமியைத் தாங்கியிருக்க, அந்நேரம் பார்த்து வடிகட்டலும் குளோரின் சேர்ப்பும் நிறுத்தப்பட்டிருந்தமையால், டைஃபாய்டு பரவி 43 பேர் மாண்டார்கள். குழாயைத் திருகினால் தண்ணீர் வருவதை நாம் இயற்கை நியதி போல் எடுத்துக்கொள்கிறோம். அதன் பின்னே இத்தனை பிணங்களும் இத்தனை விசாரணைகளும் கிடக்கின்றன.

கிரௌன் மேட்டின் உச்சியில், நான்கு சாலைகள் கூடும் நாற்சந்தியில், கண்ணாடிக் கடைகளின் நடுவே செங்கல்லாலான தாழ்ந்த சதுரக் கட்டடம் நிற்கிறது. பேராயர் விட்கிஃப்ட் 1596-இல் அஸ்திவாரமிட்டு 1599-இல் முடித்த தர்மசாலை அது. ஏழைக்கு ஈவதைப் போற்றும் லத்தீன் வாசகம் வாசலின்மேல் பொறிக்கப்பட்டிருக்கிறது. உள்ளே புல்தரை முற்றத்தைச் சுற்றி முதியோர் வசிக்கும் வீடுகள். நானூறு ஆண்டுகளாக அங்கே அடுப்பு அணையவில்லை. இன்றும் முதியவர்கள் அங்கே வாழ்கிறார்கள். சாலையை அகலப்படுத்துவதற்காக இதனை இடித்துவிட வேண்டும் என்று நகரசபையில் நெடுங்காலம் வாதிட்டார்கள்; 1923-இல் பிரபுக்கள் சபை தலையிட்டதால் அது பிழைத்தது. விட்கிஃப்ட் நிறுவிய பள்ளிக்கு அந்தப் பாக்கியம் முழுதும் வாய்க்கவில்லை: பள்ளி 1931-இல் ஹேலிங் பார்க்குக்கு மாற, அது இருந்த நிலத்தில் 1960-களின் இறுதியில் பெரிய அங்காடி எழுந்தது. மக்கள் வசிக்கும் இல்லமாகையால் தர்மசாலைக்குள்ளும் ஏற்பாடு செய்த நாட்களில் மட்டுமே செல்லலாம். மற்ற நாட்களில் வாசலில் நின்று, ஒரே அளவாக உயர்ந்த புகைபோக்கிகளைப் பார்த்தாலும் போதும்.

வடக்கே மேற்கு குரோய்டன் ரயில் நிலையம் வரை போய்வர விரும்புவோர் போகலாம். 1809-இல் திறந்த கால்வாயின் படகுத்துறை இருந்த இடத்திலேயே, கால்வாய் 1836-இல் மூடப்பட்ட பின், 1839-இல் அந்நிலையத்தை அமைத்தார்கள் என்பதைத் தவிர அங்கே கண்ணுக்குத் தெரிவது சொற்பம். அந்நேரத்தைக் கேதரின் தெருவிலுள்ள நகர மண்டபத்தில் செலவிடலாம் என்பது என் அபிப்பிராயம். 1896-இல் திறந்த மணிக்கூண்டுக் கட்டடம் அது. அதனுள் அருங்காட்சியகமும் சீனத்துப் பீங்கான் சேகரமும் உள்ளன. கையில் கட்டிவந்த புளியோதரையையோ இட்டிலியையோ அருகிலுள்ள தோட்டத்து இருக்கையில் அமர்ந்து உண்ணலாம். உண்டு இளைப்பாறும்போது பிள்ளைகளுக்குச் சொல்ல ஒரு செய்தி: ஆங்கில எழுத்தாளர் ஜான் ரஸ்கினின் தாயார் இவ்வூர்ச் சந்தைப் பகுதியில் விடுதி நடத்திய குடும்பத்திற் பிறந்தவர், அவரும் அவர் கணவரும் நகரத்தின் கிழக்கே ஷர்லி தேவாலயத்தில் அடக்கமாகியிருக்கிறார்கள். அந்த ரஸ்கினின் நூலொன்றை 1904-இல் ரயிலில் படித்த காந்தியடிகள் அதனாலேயே டர்பனுக்கருகில் ஃபீனிக்ஸ் குடியிருப்பை நிறுவினார்.

இனி, நான் ஆரம்பத்தில் ஒத்திவைத்த இடம். ஜார்ஜ் தெருவின் வழியாகக் கிழக்கு குரோய்டன் ரயில் நிலையத்தைக் கடந்து, விரும்பினால் பார்க் ஹில் மேட்டில் 1867-இல் எழுந்த நீர்க்கோபுரத்தை வலப்புறம் பார்த்துக்கொண்டு, அடிஸ்கம் சாலையில் நடக்க வேண்டும். கால் ஓய்ந்தவர்கள் டிராமில் ஏறி லெபனான் சாலையிலோ ஸாண்டிலாண்ட்ஸிலோ இறங்கலாம். அங்கே சாலையின் வடபுறத்தில் ஐந்து தெருக்கள் இணையாகப் பிரிகின்றன: கானிங், கிளைட், எல்ஜின், ஹேவ்லாக், ஊட்ரம். இந்திய சரித்திரம் படித்தவர்கள் இப்பெயர்களைக் கண்டதும் திடுக்கிடுவார்கள். 1857-இன் கிளர்ச்சியின்போது கவர்னர் ஜெனரலாயிருந்தவர் கானிங். லக்னோவை மீட்கப் படை நடத்தியவர்கள் ஹேவ்லாக், ஊட்ரம், பின்னர் கிளைட் பிரபுவான காலின் காம்பெல். 1862-இல் வைசிராயாக வந்தவர் எல்ஜின். தென் லண்டனின் அமைதியான குடியிருப்புத் தெருவுக்கு இவர்கள் பெயர் எதற்கு?

கிழக்கிந்தியக் கம்பெனி 1809-இல் இங்கிருந்த அடிஸ்கம் மாளிகையை வாங்கி, தன் படைக்கு வேண்டிய பீரங்கி அதிகாரிகளையும் பொறியாளர்களையும் பயிற்றும் கல்லூரியை இவ்விடத்தில் நடத்தியது என்பதே விடை. பதினான்கு பதினைந்து வயதுச் சிறுவர்கள் இங்கே சேர்ந்து, கணிதமும், கோட்டையமைப்பும், நில அளவையும், வரைபடம் எழுதுதலும், ரசாயனமும், இந்துஸ்தானி பாஷையும் பயின்றார்கள். இந்துஸ்தானிக்கு அகராதி இயற்றிய ஜான் ஷேக்ஸ்பியர் இங்கே ஆசிரியர். மின்காந்தத்தை 1825-இல் ஆக்கிக் காட்டிய வில்லியம் ஸ்டர்ஜன் இங்கே விஞ்ஞான விரிவுரையாளர். பரீட்சை நாட்களில் கம்பெனியின் டைரக்டர்கள் லண்டனிலிருந்து வந்து அமர்ந்து மாணவரின் திறமையைப் பார்வையிட்டார்கள். ஏறத்தாழ 3,600 பேர் இக்கல்லூரியிலிருந்து வங்காளம், பம்பாய், சென்னை ஆகிய மூன்று மாகாணப் படைகளுக்கும் புறப்பட்டுச் சென்றார்கள். கம்பெனியின் ஆட்சி 1858-இல் முடிந்து அதிகாரம் மகாராணியின் ஸர்க்காருக்கு மாறியதும் கல்லூரிக்கு வேலையில்லாமற் போயிற்று. 1861-இல் அதனை மூடி, நிலத்தை மனைகளாக விற்றார்கள். பிரதான மாளிகையும் பெரும்பாலான கட்டடங்களும் இடிந்து மறைந்தன. புதுத் தெருக்களுக்கு அக்காலத்து வெற்றியாளரின் பெயர்களை இட்டார்கள்.

1818-இல் இக்கல்லூரியில் சேர்ந்த ஒரு பதினைந்து வயதுப் பையனின் பெயர் ஆர்தர் காட்டன். 1821-இல் சென்னை மாகாணத்துப் பொறியாளர் படையில் பணியேற்க வந்த அவர், சில ஆண்டுகளில் காவிரியின் துயரத்தைக் காணும் பொறுப்பை அடைந்தார். முக்கொம்பில் இரண்டாகப் பிரியும் ஆற்றில் கொள்ளிடத்தின் படுகை தாழ்ந்துகொண்டே போக, காவிரியின் கிளை மணலேறித் தூர்ந்து, தஞ்சைத் தரணிக்குச் செல்ல வேண்டிய தண்ணீர் கொள்ளிடத்தின் வழியே கடலுக்குப் போய்க்கொண்டிருந்தது. 1836-இல் கொள்ளிடத்தின் தலைப்பில் மேலணையையும், கீழே அணைக்கரையில் கீழணையையும் காட்டன் கட்டி முடித்தார். மேலணை காவிரிக்கு அதன் பங்கைத் திருப்பிக் கொடுத்தது. கீழணை வீராணத்தையும் தென்னார்க்காட்டு வயல்களையும் நிரப்பியது. அடிக்குப் பாறையே அகப்படாத மணற்படுகையில் அணை எப்படி நிற்கும் என்பதை அவருக்குக் கற்பித்தது அடிஸ்கம் அன்று; கரிகாலன் பெயரால் வழங்கும் கல்லணை. மணலின்மேல் பல நூற்றாண்டுகள் நின்ற அந்த அணையை நுணுகி ஆராய்ந்து, நம் முன்னோரிடமிருந்தே இக்கலையைக் கற்றதாக அவர் வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். கோதாவரியில் தவளேசுவரம் அணையை 1852-இல் முடித்தபோதும் இதே பாடம் அவருக்குக் கைகொடுத்தது. அவர் கல்லூரியில் பெற்றது அளவையும் கணக்கும். அதற்கு உயிர் வந்தது திருச்சிராப்பள்ளி மணலில்.

கல்லூரியின் இறுதிக் காலத்து மாணவர்களுள் ஒருவர் ஜான் பென்னிகுயிக். 1858-இல் இங்கிருந்து லெப்டினன்ட் பதவி பெற்று வெளியேறி 1860-இல் இந்தியா சேர்ந்த அவர்தாம், மேற்கே பாய்ந்து அரபிக்கடலில் வீணாகக் கலந்த பெரியாற்றைச் சுண்ணாம்பும் சுர்க்கியும் கொண்டு கட்டிய அணையால் மறித்து, மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே வைகைக்குத் திருப்பினார். 1887-இல் தொடங்கிய வேலை, வெள்ளமும் காய்ச்சலும் வனமிருகமும் கூலியாட்களை வாரிக்கொண்டு போனதையும் மீறி, 1895-இல் நிறைவேறியது. கம்பம் பள்ளத்தாக்கின் வீடுகளில் அவர் படம் தெய்வப் படங்களோடு மாட்டப்பட்டிருப்பதையும், அவர் பிறந்த நாளாகிய ஜனவரி 15-இல் பாலார்பட்டியில் பொங்கல் வைப்பதையும் தேனி மாவட்டத்தார் எவரும் சொல்வர்.

பீரங்கி அதிகாரியையும் அணை கட்டியவரையும் ஒரே கல்லூரி ஒரே கணக்கைக் கற்பித்து அனுப்பியது. குண்டு விழும் தூரத்தை அளக்கும் கணிதமே மதகின் நீரோட்டத்தையும் அளந்தது. நிலவரி பெருகும் என்னும் லாபக் கணக்கை முன்வைத்தே கம்பெனி அணைகளுக்குப் பணம் ஒதுக்கியது என்பதையும், பஞ்சம் வராமல் தடுப்பதற்கு அத்தொகை போதாதென்று காட்டன் தம் ஆயுள் முழுதும் மேலதிகாரிகளோடு போராடினார் என்பதையும் சேர்த்தே நாம் நினைவுகூர வேண்டும். அத்தெருக்களின் ஐந்து பெயர்களில் ஒன்றேனும் காட்டனுடையதோ பென்னிகுயிக்குடையதோ இல்லை. யுத்தம் செய்தவர்களுக்கும் ஆட்சி செய்தவர்களுக்குமே அக்காலம் தெருக்களைக் கொடுத்தது. ஆகவே தஞ்சாவூரிலோ தேனியிலோ வேர்கொண்ட குடும்பம் ஒன்று இங்கே வந்து நிற்குமானால், அப்பெயர்ப் பலகைகளைக் கண்டு திரும்பிவிடாமல், எஞ்சிய கட்டடங்களைத் தேடிப் பார்க்க வேண்டும். ஹேவ்லாக் தெருவில் கல்லூரியின் உடற்பயிற்சிக் கூடம், இன்று குடியிருப்பாக மாறி, நிற்கிறது. கிளைட் தெரு அடிஸ்கம் சாலையைச் சந்திக்கும் மூலையில் கல்லூரிக் காலத்து வீடுகள் இரண்டு உள்ளன. அவற்றுள் ஒன்றன் பெயர் இந்தியா. தனியார் வசிக்கும் இல்லங்களாதலால் நடைபாதையிலிருந்தே பார்க்க வேண்டும்.

பர்லி வேயில் உள்ள பழைய விமான நிலையத்தை இந்த ஒரு பகலுக்குள் திணிக்க வேண்டாம். அது மற்றொரு நாளுக்கு உரியது. 1920 முதல் இரண்டாம் உலக யுத்தம் வரை லண்டனின் பிரதான விமான நிலையமாக விளங்கியது அது. 1928-இல் திறந்த கட்டடம் இன்றும் இருக்கிறது. 1929 மார்ச்சு 30-ஆம் தேதி இம்பீரியல் ஏர்வேஸ் விமானம் இந்தியாவுக்குரிய தபாலோடு அங்கிருந்துதான் முதன்முதலில் கராச்சியை நோக்கிக் கிளம்பியது. அத்தபால் கராச்சியிலிருந்து தெற்கே ஆகாய வழியில் வருவதற்கு மூன்றாண்டுகள் ஆயின: 1932 அக்டோபர் 15-ஆம் தேதி ஜே. ஆர். டி. டாட்டா அதனைத் தம் சிறு விமானத்தில் பம்பாய் வரை கொண்டுவர, அங்கிருந்து நெவில் வின்ட்சென்ட் பெல்லாரி மார்க்கமாகச் சென்னையில் கொண்டுவந்து சேர்த்தார்.